தெருவிற்குக் கீழே போன வீடு

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத் திண்ணையில் நம்மைக் காண வருவோரின் பேச்சும் மாறிவிடுகின்றது. மகளின் திருமணம், மகனின் படிப்பு, மருமகளின் கோபம் ஆகிய யாவும் ஒருபுறம் ஒதுங்கி நிற்க, "சாமி, இந்த ஆண்டும் தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ?" என்ற ஒரே கேள்வி எல்லார் வாயிலும் எழுகின்றது. இக்கேள்விக்குச் செபமாலையை மட்டும் விடையாகக் கொடுத்தனுப்புவது நேர்மையன்று. செபிக்கவும் வேண்டும், மெயின் சுவிட்சு எங்கே இருக்கின்றது என்று தெரிந்திருக்கவும் வேண்டும். ஆதலின் இம்மாதம் வீட்டிற்குள் புகும் வெள்ளத்தைப் பற்றியே அன்பர்களோடு பேச எண்ணினோம்.

குளிர் மிகுந்த மேலை நாடுகளில் வீட்டிற்கு அடியில் நிலவறை ஒன்று கட்டுவது வழக்கம். பனிக்காலத்தில் மண் உறையும் ஆழத்திற்கும் கீழே கடைக்கால் செல்ல வேண்டியிருப்பதால், தோண்டிய பள்ளத்தை வீணாக்காமல் அறையாக்கிக் கொண்டனர். நம் முன்னோர் செய்ததோ அதற்கு நேர்மாறு. தெருவிலிருந்து மூன்று நான்கு படிகள் ஏறினால் திண்ணை. திண்ணையைக் கடந்தால் வாசற்படி. அதன் பின்னரே வீடு. மழையின் தன்மையை அறிந்து கட்டிய வீடுகள் அவை. "எங்கள் ஊரில் நிலவறை ஏது, சாமி?" என்று கேட்கத் தோன்றும். உண்மைதான், தோண்டிக் கட்டிய நிலவறை நம்மிடம் இல்லை. தோண்டாமலே நமக்கு நிலவறை வாய்த்துவிட்டது என்பதே நாம் சொல்ல வருவது.

எவ்வாறு என்கிறீர்களா? உங்கள் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மூன்று படி ஏறிச் சென்ற வீட்டிற்குள் இன்று ஒரு படி இறங்கிச் செல்கின்றீர்கள். வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டி உருட்டினர். ஒரு முறைக்கு இரண்டு அல்லது மூன்று அங்குலம் எனக் கொள்வோம். ஐந்தாண்டுக்கு ஒரு முறை எனக் கணக்கிட்டாலும் நாற்பது ஆண்டுகளில் தெரு ஒன்றரை அடி, இரண்டு அடி உயர்ந்துவிடும். படிகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைந்தன. இறுதியில் தெருவின் மழைநீர் முழுவதற்கும் நம் கூடமே தாழ்ந்த இடமாயிற்று. 2021-ஆம் ஆண்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். நல்ல அறிவுரை. ஆயினும் அதற்கு முன்னரே உயர்ந்துவிட்ட சாலை எதையும் அது இறக்கி வைக்கவில்லை. உங்கள் தெருவில் சாலை போடும் இயந்திரம் வந்து நிற்கும் நாளில், வீட்டில் உள்ள ஆண்களும் பெண்களும் வெளியே வந்து, "பழையதைச் சுரண்டினீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. இயந்திரம் போன பிறகு மனு எழுதிப் பயனில்லை.

மழையின் அளவும் சிறிதன்று. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் இரு கரையிலும் இருந்த வீடுகள் இரவோடு இரவாக மூழ்கின. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்கோடியில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன இரயிலில் நூற்றுக்கணக்கானோர் நாட்கணக்கில் தவித்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அதே மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்து சுவரெல்லாம் கருப்புக் கோடு இட்டுச் சென்றது. இத்தகைய மழைக்கு எந்த ஊரின் வடிகாலும் ஈடுகொடுக்காது. "எங்கள் தெருவிற்கு இதுவரை வந்ததில்லை" என்பது ஆறுதலாகுமே தவிர அரணாகாது.

நிற்க. தண்ணீர் வாசலைத் தொடும் அந்த முதல் மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர்கள் போவது பெரும்பாலும் அப்போதுதான். பொருளைக் காக்கப் போய் உயிரை விடுகின்றனர்.

தென்கொரியாவின் சியோல் நகரில் ஏழை மக்கள் பாதி நிலத்திற்குள் புதைந்த வீடுகளில் குடியிருக்கின்றனர். 2022 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் அத்தகைய வீடு ஒன்றில் பதின்மூன்று வயதுச் சிறுமி உட்பட ஒரே குடும்பத்தினர் மூவர் வெளியேற இயலாமல் இறந்தனர். கதவு பூட்டப்பட்டிருந்ததா? இல்லை, தண்ணீரே பூட்டாக நின்றது. கணக்கு எளிது. மூன்றடி அகலக் கதவின் வெளிப்புறம் இரண்டடி உயரம் நீர் நின்றால், அது ஏறத்தாழ 170 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கதவை அழுத்துகின்றது. எந்தத் தந்தையின் தோளால் அதைத் தள்ளித் திறக்க முடியும்? அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டின் போகாங் நகரில், அடுக்கு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த கார்களை மீட்கச் சென்றவர்களுள் எழுவர் மூழ்கி இறந்தனர். நம் நாட்டிலும் 2024 ஜூலை 27 அன்று தில்லியில், பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறை நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் தெரு வெள்ளம் உள்ளே பாய்ந்ததால் மாண்டனர். நிலவறையில் நீர் நிறைவதற்கு மணிக்கணக்கு ஆவதில்லை. சில நிமிடங்களே போதும். சென்னையிலும் மற்றப் பெருநகரங்களிலும் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதை எழுதுங்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டால் காரும் வேண்டாம், ஸ்கூட்டரும் வேண்டாம். மின்தூக்கியைத் தொடவே வேண்டாம். அது தானே கீழே இறங்கிப்போய் நீருக்குள் கதவைத் திறக்கும்.

அடுத்தது மின்சாரம். தண்ணீர் வாசற்படியைத் தொடுவதற்கு முன்பே, கால் நனையாத நிலையில், உலர்ந்த கையால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஏற்கனவே கூடத்தில் நீர் நின்றுகொண்டிருக்க, மெயின் பெட்டி அதற்கு அப்பால் இருந்தால், நீரில் இறங்கிச் சென்று அணைக்க முயலாதீர்கள். மின்வாரியத்திற்குச் சொல்லித் தெருவிலேயே துண்டிக்கச் செய்யுங்கள். பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. ஊர் முழுதும் மின்சாரம் நின்ற பின்னரும் வீட்டில் இன்வெர்ட்டர் உயிரோடு இருக்கின்றது. "கரண்டுதான் இல்லையே" என்று நம்பித் தண்ணீரில் நடப்பவரைத் தாக்குவது அதுவே. இன்வெர்ட்டரையும் அதன் மின்கலத்தையும் தரையில் வைக்காமல், ஆளுயரத்தில் பலகை அடித்து ஏற்றி வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டவுடன் தானே அணையும் கருவி இன்று கடைகளில் கிடைக்கின்றது, ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவர். மகனுக்கு வாங்கும் கைப்பேசியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டன்று. ஆனால் அதை வாங்கிப் பொருத்தியுள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வாசல் வழியாக மட்டுந்தான் தண்ணீர் வரும் என்று எண்ணி, நிலைக்கு முன் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக அமர்ந்திருப்போர் உண்டு. சற்று நேரத்தில் கழிவறையிலிருந்து சாக்கடை நீர் பொங்கி வரும். தெருவின் பாதாளச் சாக்கடை நிரம்பிவிட்டால், அது தாழ்ந்த இடத்தைத் தேடி நம் வீட்டுக் குழாய் வழியே திரும்பி ஏறுகின்றது. கழிவறைக் கோப்பையிலும் குளியலறை நீர்ப்போக்கியிலும் மணல் நிரப்பிய பையைத் திணித்து வைப்பது உடனடி உபாயம். வீட்டிலிருந்து தெருவிற்குச் செல்லும் குழாயில், நீர் ஒரு பக்கமே போகும்படியான வால்வு ஒன்றைப் பொருத்தச் செய்வது நிலையான வழி. இதற்கு ஆடி மாதமே நல்ல மாதம். கார்த்திகையில் கொத்தனாரைத் தேடினால் அவர் தம் வீட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பார்.

மழை விட்டது, தெருவில் நீர் வடியத் தொடங்கிற்று. இனி வீட்டைக் கழுவ வேண்டியதுதானே என்று எல்லாரும் அவசரப்படுவர். இங்கேயும் ஒரு பொறுமை வேண்டும். முழுமையான நிலவறை உள்ள கட்டடமானால், உள்ளே நிற்கும் நீரை ஒரே நாளில் இறைத்துவிடக் கூடாது. வெளியே மண் முழுதும் ஊறி நிற்கின்றது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த நீர் ஒவ்வொரு சதுர மீட்டர்ச் சுவரையும் ஏறத்தாழ ஒரு டன் விசையோடு உட்புறம் தள்ளுகின்றது. உள்ளிருக்கும் நீரே இதுவரை அச்சுவரைத் தாங்கி நின்றது. அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் சுவர் உள்வாங்கும், தரை வெடிக்கும். ஆதலின் நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்து, சுவரில் கோடு கிழித்து வைத்து, மறுநாள் நீர் மீண்டும் ஏறியிருக்கின்றதா என்று பார்த்து, பின்னர் மேலும் இறைப்பதே முறை.

நிலவறை இல்லாத வீட்டிலும் 'சம்ப்' என்று நாம் வழங்கும் நிலத்தடித் தொட்டி உண்டு. அதற்கும் இதே விதிதான். 8 அடி நீளமும் 6 அடி அகலமும் 6 அடி ஆழமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 8,000 லிட்டர் கொள்ளும். சுற்றியுள்ள மண்ணில் மேல்மட்டம் வரை நீர் ஊறி நிற்கும்போது அதை முழுதும் காலி செய்தால், 8 டன் விசை அதைக் கீழிருந்து மேலே தள்ளும். மண்ணுக்குள் இருந்தாலும் அது படகே. பிளாஸ்டிக் தொட்டிகளும் கனமில்லாத தொட்டிகளும் தரையைப் பிளந்துகொண்டு எழும்பி நிற்கும். செங்கல் தொட்டியின் அடித்தளம் விரிசல் விடும். கிணற்று நீர் சில அடி இறங்கிய பிறகே சம்ப்பைக் காலி செய்யுங்கள். அதுவரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். லாரித் தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள்.

சம்ப்பைக் காலி செய்தபின் சேற்றை அள்ளித் தேய்த்துக் கழுவி, புதிய நீர் விட்டுப் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2½ கிராம் நல்ல பவுடர் என்பது பொதுச் சுகாதார நூல்கள் கூறும் கணக்கு. அதை முதலில் ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். கலங்கிய நீருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சேறு மருந்தைத் தின்றுவிடும். மூடி திறந்து பல நாள் கிடந்த பவுடருக்கும் வீரியம் இராது. இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, "இன்னும் நன்றாகப் போகட்டும்" என்று அதன் மேலேயே கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஊற்றுகின்றனர். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். மூடிய குளியலறைக்குள் அது உயிருக்கே உலை வைத்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். வெள்ளம் வடிந்த மறுநாள் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிவறை இயங்காமல் நிற்கும். அப்போது நம் குடும்பங்கள் சிலவற்றில் எழும் பேச்சு இதுதான்: "ஐந்நூறு ரூபாயும் ஒரு பாட்டிலும் கொடுத்தால் ஆள் இறங்கிவிடுவான்." இறங்குபவனும் ஒரு தாய்க்குப் பிறந்தவன்தான். அந்தக் குழியில் உயிர்க்காற்று இராது. நச்சுக் காற்றே நிறைந்திருக்கும். ஒருவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்கும் தம்பியும் விழுவான். மனிதனை அவ்வாறு இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். உறிஞ்சும் லாரி வர மூன்று நாள் ஆகுமென்றால் மூன்று நாள் காத்திருங்கள். அண்டை வீட்டாரிடமோ பள்ளிக்கூடத்திலோ கழிவறைக்கு இடம் கேளுங்கள். பங்கு இல்லத்துக் கதவும் திறந்தே இருக்கும். நீண்ட நாள் மூடிக் கிடந்த சம்ப்பிற்குள்ளும் யாரையும் தனியே இறக்காதீர்கள். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட்டு, மோட்டாரின் மின் இணைப்பை முழுதும் துண்டித்து, மேலே இருவர் நின்று பார்த்திருக்க, கயிறு கட்டியே இறங்க வேண்டும்.

வீட்டைக் கழுவும் வேலை யாருடைய தலையில் விழுகின்றது என்று நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றோம். ஆண்கள் தெருமுனையில் நின்று, ஏரியைத் திறந்தது யார் குற்றம் என்று வழக்காடுவர். பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று வாரியலும் முறமுமாக அள்ளிக் கொட்டுவர். சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும், காய்ந்தால் கல்லாகிவிடும். எனவே அந்த முதல் இரண்டு நாட்களில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கையும் அங்கே இருக்க வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களும் இளைஞர்களும் வீடு வீடாகச் சென்று உதவும்போது, முதியோர் தனித்து வாழும் வீடுகளை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. வெறுங்காலோடு இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீர், காலிலுள்ள சிறு வெடிப்பு வழியே உட்புகுந்து எலிக் காய்ச்சலை உண்டாக்கும். சேற்றில் நின்று ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் தசையில் வலியும், கண் சிவப்பும் கண்டால், மருத்துவரிடம் சென்று, "நான் வெள்ளத்தில் நின்றேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பல நாள் தாமதத்தைத் தவிர்க்கும். மாடியில் கவிழ்க்காமல் விட்ட பாத்திரத்திலும் உடைந்த பானையிலும் தேங்கும் நல்ல நீரில் டெங்குக் கொசு ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதில்தான் குடும்பங்களில் சண்டை மூளுகின்றது. மருமகள் எறியச் சொல்வாள்; மாமியார் காயவைக்கச் சொல்வார். இலவம் பஞ்சு மெத்தையும் தலையணையும் சாக்கடை நீரைக் குடித்திருந்தால் அவற்றைக் காப்பாற்ற முடியாது. வெளியே காய்ந்தாலும் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். பிளைவுட் அலமாரி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். தேக்குக் கட்டில் பிழைக்கும். அதை வெயிலில் போடாமல் நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். இரும்புப் பீரோவைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவலாம். குளிர்பதனப் பெட்டியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும், "ஓடுகின்றதா என்று பார்ப்போம்" எனச் சொருகிப் பார்க்காதீர்கள். பழுது பார்ப்பவர் திறந்து உலர்த்திய பின்னரே மின்சாரம். காரும் அவ்வாறே. நீர் புகுந்த எஞ்சினை முடுக்கினால் அது உள்ளேயே உடையும். சாதாரணக் காப்பீட்டில் அந்த உடைவிற்குப் பணம் கிடைப்பது அரிது. எஞ்சினுக்கெனத் தனியே சேர்த்துக்கொண்டவர்க்கே கிடைக்கும்.

சுவரைப் பற்றி ஒரு சொல். செங்கல் நீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி, நின்ற மட்டத்திற்கும் மேலே ஏற்றிக்கொள்கின்றது. அது உலரப் பல மாதங்கள் ஆகும். கிறிஸ்மஸ் வருகின்றதே என்று டிசம்பரில் வெள்ளம் கண்ட சுவருக்கு அதே டிசம்பரில் வர்ணம் அடிப்பவரை நாம் அறிவோம். தவக்காலத்திற்குள் அது உப்புப் பூத்து உரிந்து விழுந்துவிடும். ஓராண்டு பாலன் குடிலை வெறுஞ்சுவர்முன் வைத்தால் என்ன? பெத்லகேமில் மட்டும் வர்ணம் அடித்தா வைத்திருந்தார்கள்?

பொருள்களைவிட மனத்தை அறுப்பவை தாள்களும் படங்களும். நாம் சந்தித்த மூதாட்டி ஒருவர், தொலைக்காட்சிப் பெட்டி போனதற்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறைந்த கணவரோடு எடுத்த திருமணப் படம் ஒன்றுதான் இருந்தது. அது ஆல்பத்தோடு ஒட்டிப் பாறையாகிவிட்டதென்று மூன்று நாள் உண்ணாதிருந்தார். படம் நனைந்துவிட்டால் ஒட்டியபடி காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே நல்ல நீரில் மூழ்கவைத்து, மெல்லப் பிரித்து, படத்தின் முகத்தைத் தொடாமல் அலசி, நிழலில் முகம் மேலாக உலர்த்த வேண்டும். உடனே செய்ய நேரமில்லையென்றால், பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். பூஞ்சை அங்கே வளராது. நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பிரிக்கலாம். பத்திரங்களுக்கும் இதுவே வழி. தொலைந்த சான்றிதழ்களுக்காக 2015-இல் அரசு சென்னையில் சிறப்பு முகாம்கள் நடத்திப் புதிய படிகள் வழங்கியது. ஞானஸ்நான, திருமணச் சான்றுகள் போய்விட்டனவென்று யாரும் கலங்க வேண்டாம். மூலப் பதிவு உங்களிடம் இல்லை, ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் இருக்கின்றது. எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று மட்டும் எழுதிக் கேளுங்கள். இப்பதிவேடுகளைப் பங்கு இல்லத்தின் தரைமட்ட அலமாரியில் வைத்திருக்கும் உடன் குருக்களுக்கும் இதை இப்பத்தியின் வழியாகவே நினைவூட்டுகின்றோம்: மாடிக்கு ஏற்றுங்கள்.

கழுவத் தொடங்குவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் நின்ற நீரின் கோட்டோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் நீர் புகுந்த வீடுகளுக்கு 5,000 ரூபாயும், குடிசை இழந்தோர்க்கு 10,000 ரூபாயும், 2023-இல் 6,000 ரூபாயும் அரசு வழங்கியது. அது அரிசிக்கும் பாய்க்கும் உதவும். வீட்டைச் சீர்செய்யப் போதாது. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே விதிகள் கொண்ட வீட்டுக் காப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கி வருகின்றன. வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். காருக்குக் காப்பீடு செய்யாதவர் இல்லை, ஏனெனில் சட்டம் கேட்கின்றது. வீட்டைச் சட்டம் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இறுதியாக, வீட்டையே உயர்த்திவிடலாமா என்று பலர் வினவுகின்றனர். முடியும். அரியானாவிலிருந்து வரும் தொழிலாளர்கள், சுவரின் அடியில் சிறிது சிறிதாக இடித்து ஜாக்கிகளைப் பொருத்தி, நாளொன்றுக்குச் சில அங்குலமாக முழு வீட்டையும் மூன்றடி, நான்கடி தூக்கி, அடியில் புதிய சுவர் எழுப்பித் தருகின்றனர். 2015-க்குப் பின் சென்னையில் இவ்வாறு உயர்ந்த வீடுகள் பல. சுவரே பாரம் தாங்கும் பழைய வீடுகளுக்கு இது ஏற்றது. பலவீனமான கடைக்காலுக்கும் விரிசல் கண்ட சுவருக்கும் ஆபத்தானது. பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்கள் உயர்ந்தால், உங்கள் வீட்டுக்குள் வந்த நீர் எங்கே போகும்? நமது பங்கிலேயே அண்ணனும் தம்பியும் ஒரு பொதுச்சுவரின் இருபுறம் வாழ்கின்றனர். வெளிநாட்டுப் பணம் வந்த அண்ணன் தம் முற்றத்தைக் கருங்கல் கொட்டி இரண்டடி உயர்த்தினார். அடுத்த மழையில் தம்பியின் சமையலறையில் இடுப்பளவு நீர். ஈராண்டு காலம் இரு குடும்பங்களும் பேசவில்லை. சமாதான வாழ்த்தின்போது முகத்தைத் திருப்பிக்கொண்டனர். நாம் இருவரையும் அழைத்து அறிவுரை எதுவும் கூறவில்லை. ஒரு நீர்மட்டக் குழாயைக் கையில் கொடுத்து, இருவர் முற்றத்திற்கும் பின்னாலுள்ள வாய்க்காலுக்கும் எவ்வளவு சரிவு இருக்கின்றதென்று அளந்து வரச் சொன்னோம். குழாயின் ஒரு முனையை ஒருவர் பிடித்தால் மறுமுனையை இன்னொருவர் பிடித்தாக வேண்டும், "ஏறுகிறதா, இறங்குகிறதா?" என்று கத்தியாவது பேசவும் வேண்டும். ஒன்பது அங்குலச் சரிவு கிடைத்தது. பொதுச்சுவரை ஒட்டி இருவர் நிலத்திலும் பாதிப் பாதியாக ஒரு மூடு கால்வாய் வெட்டுவதென்று முடிவாயிற்று. கல் செலவு அண்ணனுக்கு, கூலிச் செலவு தம்பிக்கு. சென்ற திங்களன்று தோண்டத் தொடங்கியிருக்கின்றனர்.